ஷார்ட் ஸ்திரீட்டில் ஒன்பது தமிழ்ச் சிறுமிகள்: இளம் மிஷனரி சோஃபியா பிளாக்மோரின் சிங்கப்பூர் நாள்கள்

பொங்கோல் நிலையத்தில் ரயில் ஏறினால் பத்தாவது நிறுத்தம் லிட்டில் இந்தியா. தீபாவளிச் சாமான், பொங்கல் பானை, மல்லிகைச் சரம், மாவு, மளிகை என்று ஏதாவது ஒன்றுக்காக நம்மில் பலர் அந்தப் பத்து நிறுத்தங்களை அடிக்கடி கடக்கிறோம். தேக்காவில் வேலை முடிந்ததும் பைகளைத் தூக்கிக்கொண்டு அதே வழியில் பேட்டைக்குத் திரும்பிவிடுகிறோம்.

அப்படித் திரும்பாமல், ரோச்சோர் கால்வாயைத் தாண்டி சிலிகி சாலையில் கொஞ்சம் நடந்தால் ஒரு சிறு தெரு வரும். பெயர் ஷார்ட் ஸ்திரீட். பெயருக்கு ஏற்றபடி குட்டையான தெருதான். தமிழ் மெதடிஸ்ட் தேவாலயம் இருப்பதால் சிலருக்கு அதைத் தெரிந்திருக்கும். மற்றவர்களுக்கு அது வாடகை வண்டி திரும்பும் ஒரு முனை, அவ்வளவே.

1887ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15ஆம் தேதி இந்தத் தெருவின் கடைவீடு ஒன்றில் ஒன்பது சிறுமிகளுடன் ஒரு பள்ளி தொடங்கியது. (தேதியைப் பார்த்து மூவண்ணக் கொடியை நினைக்க வேண்டாம். அதற்கு இன்னும் 60 ஆண்டுகள் இருந்தன.) பள்ளியின் பெயர் ‘தமிழ்ப் பெண்கள் பள்ளி’. நடத்தியவரோ தமிழர் அல்லர். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சோஃபியா பிளாக்மோர் என்னும் 29 வயதுப் பெண். அவர் சிங்கப்பூரில் கால்வைத்து அப்போது ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

இன்றைய மெதடிஸ்ட் பெண்கள் பள்ளியின் தொடக்கம் அந்த ஒன்பது பேர்தான். அந்தப் பள்ளியில் பிள்ளையைச் சேர்க்க ஆசைப்படும் பெற்றோர் பலர். அது தமிழ்ப் பெண்களுக்காகத் தொடங்கப்பட்டது என்று சொன்னால் நம்ப மறுப்பவர்களும் பலர்.

கூல்பர்னிலிருந்து சிங்கப்பூருக்கு

சோஃபியா பிளாக்மோர் 1857 அக்டோபர் 18ஆம் தேதி ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்திலுள்ள கூல்பர்ன் நகரில் பிறந்தவர். தந்தை வழக்கறிஞர். வசதியான குடும்பம். வெளிநாட்டில் சமயப் பணி செய்ய வேண்டும் என்ற ஆசை அவருக்கு இருந்தாலும் தனியாக ஒரு பெண்ணை அனுப்பும் ஏற்பாடு எளிதில் அமையவில்லை. ஆஸ்திரேலியாவுக்கு வந்திருந்த அமெரிக்கச் சமயப் பேச்சாளர் இசபெல்லா லெனர்ட் என்பவரின் தொடர்பால்தான் வழி பிறந்தது. அவருடன் பிளாக்மோர் முதலில் இந்தியாவுக்குச் சென்றார். அங்கே சில காலம் இருந்துவிட்டு 1887 ஜூலை 16ஆம் தேதி சிங்கப்பூர் வந்து சேர்ந்தார்.

அவருக்கான பணம் வந்த கதை சுவையானது. மெதடிஸ்ட் பெண்களின் வெளிநாட்டு மிஷனரிச் சங்கம் 1869ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் தொடங்கப்பட்டது. பெண்கள் திரட்டிய பணத்தில் பெண்களை அனுப்பும் சங்கம் அது. சிங்கப்பூருக்கு ஒரு பெண் மிஷனரி தேவை என்ற கோரிக்கை வந்தபோது, மின்னசோட்டா மாநிலத்து மெதடிஸ்ட் பெண்களின் தலைவி மேரி நைண்ட் 3,000 டாலர் தருவதாக வாக்குக் கொடுத்தார். பனி உறையும் மின்னசோட்டாவிலிருந்து பூமத்திய ரேகைக்குப் பக்கத்து ஊருக்கு ஆள் அனுப்பப் பணம். கொடுத்தவர்கள் அமெரிக்கப் பெண்கள், வந்தவர் ஆஸ்திரேலியர், படிக்கப்போகிறவர்கள் தமிழ்ச் சிறுமிகள்.

அந்தச் சங்கத்தின் விதி ஒன்றும் கவனிக்கத்தக்கது. அதன்வழிச் செல்லும் பெண்கள் குறைந்தது ஐந்தாண்டு திருமணம் செய்துகொள்ளாமல் பணியாற்ற ஒப்புக்கொள்ள வேண்டும். ஆண் மிஷனரிகள் மனைவியுடன் வரலாம். பெண் என்றால் தனியாகத்தான். பிளாக்மோர் கடைசிவரை மணம் செய்துகொள்ளவே இல்லை.

சிங்கப்பூரில் மெதடிஸ்ட் பணியைத் தொடங்கி வைத்தவர் வில்லியம் ஓல்டம். அவரும் இளைஞர்தான். 1854ல் பெங்களூரில் பிறந்தவர், 1885 பிப்ரவரியில் சிங்கப்பூருக்கு வந்தபோது வயது 30. அடுத்த ஆண்டு மார்ச் முதல் தேதி 13 மாணவர்களுடன் அவர் தொடங்கியதுதான் ஆங்கிலோ சீனப் பள்ளி. பையன்களின் பள்ளி வேகமாக வளர்ந்தது. பெண்களின் கல்விக்கு அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. வீட்டின் உள்கட்டுக்குள் ஆண் மிஷனரி நுழைய முடியாத காலம். பெண்ணிடம் பேசப் பெண்தான் வேண்டியிருந்தது.

அன்றைய ஊர்

பிளாக்மோர் வந்து இறங்கிய ஊரைக் கொஞ்சம் மனத்தில் வரைந்து பார்க்க வேண்டும். 1881ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி சிங்கப்பூரின் மக்கள்தொகை ஏறத்தாழ 139,000. இந்தியர்கள் 12,000 பேர் அளவில் இருந்தனர். எல்லாச் சமூகத்திலும் ஆண்களே மிக அதிகம். பிழைக்க வந்து, சம்பாதித்து, ஊருக்குத் திரும்ப நினைத்தவர்களின் நகரம் அது. குடும்பமாக வாழ்ந்தவர்கள் குறைவு. பெண் குழந்தைகள் அதைவிடக் குறைவு.

கைவண்டி ரிக்ஷா 1880ல்தான் வந்திருந்தது. நீராவி டிராம் ஓடத் தொடங்கி ஓராண்டு. தெருவிளக்கு எரிவாயுவில் எரிந்தது, மின்விளக்கு வர இன்னும் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் இருந்தன. கூல்பர்னில் இருக்கும் அம்மாவுக்குக் கடிதம் எழுதினால் அது கப்பலேறிப் போய், பதில் கப்பலேறி வர வாரங்கள் ஆகும். வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்ற செய்தி வந்து சேரும்போது அவர் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கலாம், அல்லது அடக்கமே முடிந்திருக்கலாம்.

சிராங்கூன் சாலைப் பக்கம் மாட்டு வணிகமும் சுண்ணாம்புக் காளவாய்களும் இருந்தன. தமிழர்கள் அந்த வட்டாரத்தைச் சுண்ணாம்பு கம்பம் என்று அழைத்தனர். வீரமாகாளியம்மன் கோயிலுக்கே ‘சுண்ணாம்பு கம்பத்துக் கோயில்’ என்றுதான் பெயர் வழங்கியது. மலாய் மொழியில் இதே பொருளில் வந்த பெயர்தான் கம்போங் காப்போர். ‘காப்போர்’ என்றால் சுண்ணாம்பு. நம்முடைய ‘கம்பம்’ மலாய்க் ‘கம்போங்’கிலிருந்து வந்தது. இந்தப் பெயர் பின்னால் மீண்டும் வரும்.

மொழி என்னும் முதல் வேலை

வெளிநாட்டுக்குப் பணிசெய்யப் போகும் இளைஞருக்கு முதல் தடை சாப்பாடோ வெயிலோ அல்ல, மொழிதான். தமிழ் படித்தவர்களுக்கு இது புதிய செய்தியும் அல்ல. சீகன்பால்கு 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்திறங்கியபோது 24 வயது நிறைய ஒருநாள் இருந்தது. பிள்ளைகளோடு மணலில் உட்கார்ந்து எழுத்துக் கற்றார். இரண்டே ஆண்டில் டென்மார்க் தளபதியோடு மோதிச் சிறைக்கும் போனார். 36 வயதில் இறந்தார். ஜி.யு. போப் 1839ல் சென்னைக்கு வந்தபோது வயது 19. அவருடைய திருக்குறள் ஆங்கில மொழிபெயர்ப்பு 1886ல்தான் வெளிவந்தது. இடையில் ஏறக்குறைய அரை நூற்றாண்டு. இளம் மிஷனரி என்று நாம் சொல்லும்போது முதலில் மனத்தில் நிற்க வேண்டியது ஒரு மாணவரின் உருவம். வந்த ஊரில் சிறுபிள்ளையைவிடக் குறைவாகப் பேசத் தெரிந்தவர் அவர்.

சிங்கப்பூரில் சிக்கல் இன்னும் கூடுதல். தரங்கம்பாடியில் தமிழ் ஒன்று போதும். இங்கே ஷார்ட் ஸ்திரீட்டில் தமிழ், தெலுக் ஆயரில் ஹொக்கியன், பெரனாக்கன் வீடுகளில் பாபா மலாய், அலுவலகங்களில் ஆங்கிலம். பிளாக்மோர் மலாய் மொழியைக் கற்றார். பெரனாக்கன் பெண்களிடம் அவர்கள் வீட்டு மொழியிலேயே பேசும் அளவுக்கு அதில் தேர்ந்தார். பிற்காலத்தில் பாபா மலாயில் ‘சஹாபாட்’ என்ற இதழையும் நடத்தினார். நண்பன் என்று பொருள்.

கேட்டு வந்த தமிழர்கள், மறுத்த வீடுகள்

ஷார்ட் ஸ்திரீட் பள்ளி தொடங்கிய விதத்தில் ஒரு முக்கிய விவரம் இருக்கிறது. மிஷனரி வந்து தமிழர்களைக் கெஞ்சவில்லை. தங்கள் மகள்களுக்குப் படிப்பு வேண்டும் என்று விரும்பிய தமிழ் அன்பர்கள் சிலர்தான் ஆதரவு தர முன்வந்தனர். ‘தமிழர்கள் அக்காலத்தில் பெண்ணைப் படிக்க வைக்கவில்லை’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்பவர்கள் இதைச் சற்று நினைத்துப் பார்க்கலாம். ஒன்பது பேர் என்பது சிறிய எண்தான். ஆனால் பெண் குழந்தைகளே அரிதாக இருந்த ஊரில், ஒரு வெள்ளைக்காரப் பெண்ணை நம்பி, கடைவீட்டின் ஒரே அறைக்கு மகளை அனுப்பிய ஒன்பது வீடுகள் இருந்தன.

யாழ்ப்பாணத்துத் தொடர்பையும் மறக்கக் கூடாது. அங்கே ஹாரியட் வின்ஸ்லோ 1824லேயே உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பள்ளியைத் தொடங்கியிருந்தார். மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் எழுத்தர்களாகவும் ரயில்வே ஊழியர்களாகவும் வந்த யாழ்ப்பாணத் தமிழர்கள் பலர் மிஷன் பள்ளிகளில் படித்தவர்கள். பெண் பிள்ளையின் படிப்பு அவர்களுக்குப் புதுமையாகப் பட்டிருக்காது.

கஷ்டம் அடுத்த ஆண்டு வந்தது. பெரனாக்கன் சிறுமிகளுக்கு ஒரு பள்ளி தொடங்க நினைத்த பிளாக்மோர் வீடு வீடாகப் போனார். பெரும்பாலான வீடுகளில் மறுப்பு. பருவமடைந்த பெண் திருமணம்வரை வீட்டுக்குள்ளேயே இருந்து சமையலும் மணி கோக்கும் வேலையும் கற்பதே அந்தச் சமூகத்தின் வழக்கம். எழுதப் படிக்கத் தெரிந்தால் என்ன ஆகுமோ என்ற அச்சம் வேறு. அதை நாமும் நம் பாட்டிமார் வாயால் கேட்டதுண்டு. ‘கடுதாசி எழுதுவாள்’ என்ற அந்த ஒரே பயம் எத்தனை மொழிகளில் எத்தனை சமூகங்களில் இருந்திருக்கிறது!

மறுப்புக்கு வேறொரு நியாயமும் இருந்தது. மிஷனரி பள்ளி என்பது பாடப் புத்தகத்தோடு பைபிளையும் கொண்டுவரும் பள்ளி. அதை அவர்கள் மறைக்கவும் இல்லை. மகள் எழுத்துக் கற்க வேண்டும், ஆனால் குலதெய்வத்தை விட்டுவிடக் கூடாது என்று நினைத்த ஒரு தந்தையின் தயக்கத்தைப் பழமைவாதம் என்று ஒதுக்கிவிட முடியாது. கொடுப்பவர் இரண்டையும் ஒரே பொட்டலமாகத்தான் கொடுத்தார். வாங்குபவர்தான் பிரித்துப் பார்க்க வேண்டியிருந்தது.

கடைசியில் கதவைத் திறந்தவர் ஒரு பெண். கிராஸ் ஸ்திரீட்டில் இருந்த தம் வீட்டின் ஓர் அறையை அவர் கொடுத்தார். 1888 ஆகஸ்ட்டில் எட்டுச் சிறுமிகளுடன் அங்கே தொடங்கிய வகுப்புதான் பின்னர் ஃபேர்ஃபீல்டு பள்ளியாகி, இப்போது டோவரில் இருக்கிறது.

ஒரு நாள் எப்படிப் போயிருக்கும்?

காலையில் வகுப்பு. ஒன்பது பேரில் ஒருத்தி வரவில்லை என்றால் வீடு தேடிப் போக வேண்டும். காய்ச்சலா, தம்பியைப் பார்த்துக்கொள்ள அம்மா நிறுத்திவிட்டாரா, வரன் வந்துவிட்டதா என்று விசாரிக்க வேண்டும். பிற்பகலில் வீட்டுச் சந்திப்புகள். கழுத்துவரை மூடிய, கணுக்கால்வரை நீண்ட விக்டோரியா காலத்து உடுப்பில், நம் ஊர் மதிய வெயிலில். மாலையில் மலாய்ப் பாடம், கணக்கு வழக்கு, அமெரிக்கச் சங்கத்துக்கு அறிக்கை. பணம் அனுப்பும் பெண்கள் தங்கள் காசு என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ள விரும்புவார்களே. ஞாயிறு ஓய்வுநாள் என்பது மற்றவர்களுக்குத்தான். மிஷனரிக்கு அதுதான் வாரத்திலேயே அதிக வேலையுள்ள நாள்.

இவற்றோடு விடுதி ஒன்றும் சேர்ந்துகொண்டது. 1890ல் தொடங்கிய பெண்கள் விடுதியில் ஆதரவற்ற சிறுமிகளும், தூரத்திலிருந்து படிக்க வந்தவர்களும் தங்கினர். பணம் கொடுத்த மின்னசோட்டா அம்மையாரின் நினைவாக அதற்குப் பின்னாளில் நைண்ட் இல்லம் என்று பெயர் வைக்கப்பட்டது. பள்ளி ஆசிரியைக்கு மாலையில் வேலை முடியும். விடுதியை நடத்துபவருக்கு இரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் அப்போதுதான் வேலை தொடங்கும்.

உடல்நலம் பெரிய சோதனை. ஓல்டமே தாக்குப்பிடிக்கவில்லை. நான்கே ஆண்டு ஓயாத உழைப்பில் உடல்நிலை கெட்டு 1889ல் அமெரிக்காவுக்குத் திரும்பினார். (பின்னர் 1904ல் பிஷப்பாக மீண்டும் வந்தார்.) பணியைத் தொடங்கி வைத்தவர் கிளம்பிப் போகும்போது பிளாக்மோருக்கு 31 வயது. அவர் போகவில்லை.

தனிமையைப் பற்றி அறிக்கைகளில் யாரும் அதிகம் எழுதுவதில்லை. ஆனால் அதே ஊரில் அவருக்கு முன்னோடியாக இன்னொரு சோஃபியா இருந்தார். ஆங்கிலேயரான சோஃபியா குக், 1853ல் வந்து, இன்றைய செயின்ட் மார்கரெட்ஸ் பள்ளியாக வளர்ந்திருக்கும் சீனச் சிறுமிகள் பள்ளியை 1895ல் தாம் இறக்கும்வரை நடத்தியவர். இரண்டு சோஃபியாக்களையும் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. மவுண்ட் சோஃபியா குன்று பிளாக்மோரின் பெயரால் வந்தது என்று சொல்பவர்களும் உண்டு. அது தவறு. அவர் பிறப்பதற்கு முன்பே குன்றுக்கு அந்தப் பெயர் இருந்தது. அவருடைய பள்ளி 1920களில் அந்தக் குன்றின்மேல் குடியேறியது வெறும் பெயர்ப் பொருத்தம்.

‘தமிழ்’ எங்கே போனது?

தமிழ்ப் பெண்கள் பள்ளி அதிக நாள் தமிழ்ப் பெண்கள் பள்ளியாக இருக்கவில்லை. யுரேஷியர், சீனர் எனப் பிற இனத்துச் சிறுமிகளும் வரத் தொடங்கினர். எண்ணிக்கை கூடியது, ஷார்ட் ஸ்திரீட்டிலேயே பெரிய கட்டடம் தேவைப்பட்டது, பெயரும் மாறியது. பாடமொழி ஆங்கிலம். எல்லாருக்கும் பொதுவான பள்ளியானது நல்லதுதான். ஆனாலும் தமிழ்ப் பெற்றோர் கேட்டு, தமிழ்ச் சிறுமிகளுக்காகத் திறந்த கதவில் ‘தமிழ்’ என்ற பலகை இவ்வளவு சீக்கிரம் இறங்கியது எனக்குச் சற்று உறுத்துகிறது. புக்கிட் தீமா வட்டாரத்தில் பிளாக்மோர் டிரைவ் இருக்கிறது. முதல் வகுப்பில் உட்கார்ந்த அந்த ஒன்பது பேரில் எவர் பெயரிலும் தெரு இல்லை.

தமிழிலேயே பெண்களுக்குக் கல்வி என்ற தேவை அப்படியே நின்றது. அதை நிரப்ப வந்தவர்களில் இன்னொரு வகை சமயப் பணியாளர்கள் இருந்தனர். 1928ல் சிங்கப்பூரில் ராமகிருஷ்ண மிஷன் தொடங்கப்பட்டது. அதன் முதல் துறவி சுவாமி ஆத்யானந்தர். லிட்டில் இந்தியாவின் நோரிஸ் ரோட்டில் அது கட்டடம் எழுப்பி, 1930களில் பையன்களுக்கு விவேகானந்தர் பெயரிலும் பெண்களுக்குச் சாரதாமணி தேவியார் பெயரிலும் தமிழ்ப் பள்ளிகளை நடத்தியது.

யாழ்ப்பாணத்தில் நடந்ததும் இதே வரிசைதான். பெர்சிவல் பாதிரியாரின் பைபிள் மொழிபெயர்ப்புக்குத் துணையாக இருந்த ஆறுமுக நாவலர், அவர்களுடைய பள்ளி நடத்தும் முறையை அருகிலிருந்து பார்த்துவிட்டு, 1848ல் வண்ணார்பண்ணையில் சைவப் பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். மிஷனரிகளின் வருகையால் மதம் மாறியவர்களின் எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவர்கள், அவர்களுக்குப் போட்டியாக எழுந்த பள்ளிகளின் எண்ணிக்கையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். துறவியானாலும் பாதிரியாரானாலும், கப்பலேறி வந்து, பழகாத ஊரில், பிறர் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பவரின் அன்றாடம் ஏறத்தாழ ஒன்றுதான்.

சுண்ணாம்புக் கம்பத்தில் ஒரு தேவாலயம்

முன்னே சொன்ன பெயருக்கு வருவோம். பிளாக்மோர் பழகிய பெரனாக்கன் குடும்பங்களிலிருந்து மலாய் மொழியில் வழிபடும் ஒரு சபை 1894ல் உருவானது. முதலில் மிடில் ரோட்டில் கூடியது. 1930ல் லிட்டில் இந்தியாவின் கம்போங் காப்போர் சாலைக்குச் சொந்தக் கட்டடத்துடன் வந்தது. அதுதான் கம்போங் காப்போர் மெதடிஸ்ட் தேவாலயம். வீரமாகாளியம்மன் கோயிலும் அந்தத் தேவாலயமும் ஒரே சுண்ணாம்புக் கம்பத்தின் பெயரை இரு மொழிகளில் தாங்கியிருக்கின்றன. இரண்டுக்கும் இடையே நடந்தே போய்விடலாம்.

பொங்கோல்வாசிகள் இதற்காகத் தேக்காவரை போக வேண்டும் என்பதுகூட இல்லை. பக்கத்தில் ஹவ்காங்கில், அப்பர் சிராங்கூன் சாலையிலுள்ள கன்னி மரியாள் பிறப்பு ஆலயத்தின் தொடக்கம் 1853. பிரெஞ்சுப் பாதிரியார் அம்புரோஸ் மேஸ்திர், தியோச்சியூ விவசாயிகள் இருந்த அந்தப் பகுதியில் அதைத் தொடங்கினார். இன்றைய கட்டடம் 1901ஆம் ஆண்டைச் சேர்ந்தது. இந்தியக் கத்தோலிக்கர்களுக்காக ஓஃபிர் ரோட்டில் லூர்து மாதா ஆலயம் 1888ல் திறக்கப்பட்டது, பிளாக்மோரின் பள்ளிக்கு அடுத்த ஆண்டு.

இன்றைய இளம் மிஷனரி

இப்போது அடுக்குமாடியில் கதவு தட்டும் சத்தம் கேட்டால் பெரும்பாலும் அது பொட்டலம் கொண்டுவருபவர். ஆனால் சமயப் பணிக்காக வெளிநாடு போகும் இளைஞர்கள் மறைந்துவிடவில்லை. உலகெங்கும் அதிகம் கண்ணில் படுபவர்கள் மோர்மன் சபையினர். வெள்ளைச் சட்டை, கறுப்புப் பெயர்ப் பட்டை, இருவர் இருவராக நடப்பார்கள். ஆண்கள் 2012 முதல் 18 வயதிலேயே கிளம்பலாம், பணி இரண்டு ஆண்டு. காலை 6.30க்கு எழ வேண்டும், இரவு 10.30க்கு விளக்கணைக்க வேண்டும், கூடவே இருக்கும் துணையை விட்டுப் பிரியக் கூடாது. 2019வரை ஆண்டுக்குச் சில முறை மட்டுமே வீட்டுக்குத் தொலைபேசியில் பேச முடியும். கிறிஸ்துமஸ், அன்னையர் தினம் போன்ற நாள்கள்தான். அந்த ஆண்டிலிருந்து வாரம் ஒருமுறை பேச அனுமதி வந்தது. விண்வெளியிலிருந்தே வீடியோ அழைப்பு வரும் காலத்தில் இந்தக் கட்டுப்பாடு இவ்வளவு நாள் நீடித்தது வியப்புதான். தேசிய சேவையில் முதல் சில வாரங்கள் வீட்டைப் பிரிந்திருந்த நம் பிள்ளைகளைக் கேட்டால் அதன் கனம் தெரியும்.

சிங்கப்பூரில் விதிகளும் பிளாக்மோர் காலத்தைப் போல இல்லை. சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம் 1990ல் நிறைவேறியது, 2019ல் திருத்தப்பட்டது. சமயங்களுக்கு இடையே பகைமையைத் தூண்டுபவரைக் கட்டுப்படுத்த அரசாங்கத்துக்கு அதில் அதிகாரம் உண்டு. வெளிநாட்டிலிருந்து வரும் சமயப் பணியாளருக்கு, அவர் பாதிரியாரோ குருக்களோ, அதற்குரிய அனுமதி அட்டை வேண்டும். வந்து ஒரு மாதத்தில் கடைவீடு பிடித்துப் பள்ளி தொடங்குவது இன்று நடக்காது.

திசையும் மாறிவிட்டது. சிங்கப்பூர் மெதடிஸ்ட் திருச்சபை 1991ல் தனக்கென ஒரு மிஷன் சங்கத்தை அமைத்து, கம்போடியா, நேப்பாளம், தாய்லாந்து போன்ற நாடுகளுக்குப் பணியாளர்களை அனுப்புகிறது. ஒரு காலத்தில் மின்னசோட்டா காசில் ஆசிரியை வந்த ஊர், இப்போது தன் காசில் ஆள் அனுப்புகிறது. அங்கே போய் இறங்கும் சிங்கப்பூர் இளைஞருக்கும் முதல் நாள் வேலை எழுத்துக் கற்பதுதான்.

நாற்பது ஆண்டு

பிளாக்மோர் ஓய்வுபெற்று 1928ல் ஆஸ்திரேலியாவுக்குத் திரும்பினார். 29 வயதில் வந்தவர் 70ஐத் தொட்டிருந்தார். ஐந்தாண்டு ஒப்பந்தம் நாற்பதாண்டாக நீண்டுவிட்டது. அவரிடம் படித்த சிறுமிகளில் பலர் அதற்குள் பேரப்பிள்ளைகளைப் பார்த்திருப்பார்கள்.

1945 ஜூலை 3ஆம் தேதி அவர் காலமானார். அப்போது சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் இருந்தது. ஊரின் பெயர்கூட சியோனான். தாம் தொடங்கிய பள்ளியும் தாம் அறிந்த குடும்பங்களும் என்ன ஆயின என்று தெரிந்துகொள்ள அவருக்கு வழியிருந்திருக்காது. ஜப்பான் சரணடையும் அறிவிப்பு வந்தது ஆகஸ்ட் 15ஆம் தேதி. ஷார்ட் ஸ்திரீட்டில் முதல் வகுப்பு நடந்து அன்றோடு 58 ஆண்டு.

போருக்குப்பின் பள்ளி மவுண்ட் சோஃபியாவில் தொடர்ந்தது. 1992ல் பிளாக்மோர் டிரைவுக்கு மாறியது. குன்றின்மேல் இப்போது கூட்டுரிமை வீடுகள். ஷார்ட் ஸ்திரீட்டில் தமிழ் மெதடிஸ்ட் தேவாலயம் இன்றும் இருக்கிறது. அடுத்த முறை தேக்காவில் சாமான் வாங்கிய பிறகு நேரம் இருந்தால் அந்தப் பக்கம் நடந்துவிட்டு வரலாம். தெருவை முழுவதும் கடக்க ஐந்து நிமிடம்கூட ஆகாது.